மூடாதீர்கள் என்று எழுதியிருந்தது

காலை ஆறு மணிக்கு முதல் வண்டி வரும். ஆஸ்பத்திரியின் எல்லா வார்டுகளிலிருந்தும் முந்தின நாள் கழற்றிய படுக்கைவிரிப்பு, தலையணை உறை, நோயாளி உடுப்பு, ஆபரேஷன் அறையின் பச்சைத் துணி எல்லாம் மூட்டை மூட்டையாகச் சலவைக்கூடத்தின் பின்கதவில் இறங்கும். அங்கே ஒரு நீளமான அறை. அழுக்கறை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். மூட்டையை அவிழ்த்து ஒவ்வொரு துணியாக உதறி, எது கொதிநீருக்குப் போக வேண்டும், எது மருந்துநீரில் ஊற வேண்டும் என்று பிரிக்கிற இடம். துணியோடு துணியாக ஊசி வரும், பிளேடு வரும், ரத்தக் கட்டு வரும். ஒரு தடவை யாரோ ஒரு பெரியவருடைய பல்செட் முழுசாக வந்தது. அதை வைத்து ஒரு வாரம் சிரித்தார்கள். மற்றபடி அந்த அறையில் சிரிப்பதற்கு ஒன்றும் கிடையாது. மருந்துநீர் நெடி மூக்கில் ஏறிவிட்டால் வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டை வாயில் வைத்தாலும் அதே வாடைதான்.

அழுக்கறையில் எட்டுப் பேர். அதில் ஒருத்திக்கு ஐந்தாவது மாதம். நெடியில் நிற்கக் கூடாது என்று டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். அவள் அதைக் கொண்டுபோய் சூப்பர்வைசரிடம் நீட்டினாள். அவர் படித்துப் பார்த்து, மடித்து, அவளிடமே கொடுத்துவிட்டார். இடம் மாற்றுவது என் கையில் இல்லையம்மா, உங்கள் சங்கம்தானே பட்டியல் கேட்டு வாங்கியது, பட்டியலில் பெயர் வந்தால் போ என்றார். அவர் சொன்னதில் ஒரு குத்தல் இருந்தது. பொய் இல்லை.

முன்பெல்லாம் அழுக்கறையிலிருந்து மடிப்பறைக்கு யார் போவது என்பதை அவர்தான் முடிவு செய்வார். மடிப்பறை என்பது துவைத்து உலர்ந்த துணியை மடித்து அடுக்குகிற இடம். ஜன்னல் உண்டு, உட்கார ஸ்டூல் உண்டு. அவர் வீட்டுக்கு யார் மூட்டை தூக்கிப் போனார்களோ, யார் அவரைக் கண்டதும் பாதி வளைந்து நின்றார்களோ, அவர்களுக்குத்தான் அந்த ஸ்டூல். அதை எதிர்த்துச் சங்கம் இரண்டு வருஷம் சண்டை போட்டது. கடைசியில் ஒரு முறை வந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மடிப்பறையில் நான்கு இடம். சங்கத்தின் இணையப் பக்கத்தில் காலை பத்து மணிக்குப் பதிவு திறக்கும், பத்து இருபதுக்கு மூடும். முதலில் பதிந்த நாலு பேருக்கு இடம். சிபாரிசு இல்லை, முகஸ்துதி இல்லை. அன்றைக்குக் கைதட்டியவர்களில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைதட்டினார்கள்.

அழுக்கறைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. கையுறை போட்ட கையால் போனைத் தொட்டு அதே போனைக் காதில் வைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அதனால் அந்தக் கர்ப்பிணிப் பெண்ணுக்காக அவள் மாமியார் பதிவு செய்வதாக ஏற்பாடு. மாமியாரும் அதே சலவைக்கூடத்தில் நீராவி இஸ்திரி மெஷினில் வேலை பார்க்கிறவள்.

அவளுக்கு அங்கே எழுத்துக்கூட்டி என்று பட்டப்பெயர். நாற்பத்தாறு வயது வரைக்கும் சம்பளப் பதிவேட்டில் பெருவிரலை உருட்டியவள். சங்கம் நடத்திய சாயங்கால வகுப்பில் சேர்ந்து ஒன்றரை வருஷத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டாள். அதற்கப்புறம் அவள் கண்ணில் பட்ட எழுத்து எதுவும் தப்பவில்லை. சோப்புப் பெட்டியில் உள்ளதைப் படிப்பாள், தீயணைப்பு சிலிண்டரில் உள்ளதைப் படிப்பாள், பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தைப் படிப்பாள். உதடு அசையும், சத்தம் லேசாக வரும். அவள் சோப்புப் பெட்டியைப் படித்து முடிப்பதற்குள் மெஷின் துவைத்து, அலசி, பிழிந்து வெளியே போட்டுவிடும் என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் விடமாட்டாள். யாரோ ஒருத்தர் உட்கார்ந்து யோசித்து, மெனக்கெட்டு எழுதியிருக்கிறார், அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போவது மரியாதை இல்லை என்பது அவள் எண்ணம்.

வேகமாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வித்தை தெரியும். எதைப் படிக்காமல் தள்ளிவிட வேண்டும் என்கிற வித்தை. அதை எந்த வகுப்பிலும் சொல்லிக்கொடுப்பதில்லை. சின்ன வயதிலிருந்து எழுத்துக்கு நடுவிலேயே வளர்ந்தவர்களுக்குத் தானாக வந்துவிடுகிறது. அவளுக்கு வரவில்லை.

பதிவு நாள் வந்தது. தேநீர் இடைவேளையை ஒன்பதே முக்காலுக்கே கேட்டு வாங்கிக்கொண்டு, உலர்த்தும் அறையின் சுவரோரம் ஒரு துணிக்கூடையைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தாள். மருமகளின் பணி எண்ணை உள்ளங்கையில் பேனாவால் எழுதி வைத்திருந்தாள். பத்து மணிக்குப் பக்கம் திறந்தது. எண்ணை ஒவ்வொன்றாகத் தட்டினாள். சரிபார்த்தாள். மறுபடியும் சரிபார்த்தாள். அடியில் இருந்த ‘பதிவு செய்’ என்ற கட்டத்தைத் தொட்டாள்.

பக்கம் தாவியது. சங்கத்தின் சின்னம் போய் வெள்ளையாக வேறொன்று வந்தது. நீங்கள் ரோபோ இல்லை என்பதை உறுதி செய்ய ‘அனுமதி’யை அழுத்தவும் என்று அதில் இருந்தது. அவள் கூட்டிப் படித்தாள். ஆள்மாறாட்டம் நடக்காமல் இருக்கச் சங்கத்தில் கேட்கிறார்கள் போல என்று நினைத்தாள். நல்ல ஏற்பாடுதான் என்றுகூட நினைத்தாள். அழுத்தினாள்.

மறுபடி தாவியது. இந்தத் தடவை திரை முழுக்கச் சிவப்பு. போன் கையில் கிடுகிடுவென்று அதிர்ந்தது. எச்சரிக்கை, உங்கள் போனில் பதின்மூன்று வைரஸ்கள் உள்ளன, இரண்டு நிமிடங்களில் உங்கள் படங்களும் எண்களும் அழிந்துவிடும், உடனே சுத்தம் செய்யவும், இந்தப் பக்கத்தை மூடாதீர்கள். அதற்குக் கீழே ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடியது.

அந்தப் போனில்தான் மருமகளின் ஸ்கேன் படம் இருந்தது. கறுப்பில் வெள்ளையாக, தலை எது கால் எது என்று தெரியாத படம். ஆனாலும் தினமும் இரண்டு தடவை பார்ப்பாள். ‘சுத்தம் செய்’ என்பதைத் தொட்டாள். போன் துடைப்பான் என்று ஏதோ ஒன்று உள்ளே இறங்கியது. கடிகாரம் பூஜ்யத்துக்கு வந்தது. முடிந்தது என்று மூச்சு விட்டாள். அது மறுபடியும் இரண்டு நிமிடத்திலிருந்து ஆரம்பித்தது. மூடாதீர்கள் என்று மறுபடியும் சொன்னது.

அவள் மூடவில்லை.

இருபது நிமிடமும் அந்தக் கவிழ்த்த கூடையின் மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். தளும்பத் தளும்ப எண்ணெய் ஊற்றிய கிண்ணத்தை ஏந்துகிற மாதிரி போனைக் கிடையாகப் பிடித்திருந்தாள். எங்கேயாவது விரல் பட்டு மூடிக்கொண்டுவிடுமோ என்று பயம். இஸ்திரி மெஷினில் கூட நிற்கிறவள் வந்து, என்னக்கா இன்னும் முடியலையா என்று கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள். வேலைக்குத் திரும்பியபோதும் போனை அணைக்காமல் அலமாரித் தட்டில் நிமிர்த்தி வைத்து, நாலு விரிப்புக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

பதினொன்றரைக்குப் பட்டியல் ஒட்டினார்கள். நாலு பெயர். நாலும் விரல் வேகமான இளவட்டங்கள். அவள் அந்த நாலு பெயரையும் எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தாள். ஐந்தாவது பெயர் எங்கேயாவது சின்னதாக எழுதியிருக்கிறதா என்று தாளின் ஓரத்தையும் பார்த்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் மருமகள் கையைச் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிவிட்டு வந்தாள். மாமியாரின் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. திட்டவில்லை. பரவாயில்ல அத்தை, மூணு மாசம்தானே, மூக்கை நல்லா கட்டிக்கிறேன் என்றாள். மூன்று மாதத்தில் அவளுக்கு எட்டாவது மாதமாகிவிடும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அவள் திட்டியிருந்தால் மாமியாருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

சங்கத்தின் செயலாளர் துணிவண்டி கணக்குப் பார்க்கிறவர். முப்பத்தைந்து வயது, சுறுசுறுப்பான ஆள். பட்டியல் முறைக்காகச் சூப்பர்வைசருடன் மல்லுக்கட்டியவரும் அவர்தான். எழுத்துக்கூட்டி அவரிடம் போய் நடந்ததைச் சொன்னாள். சிவப்புத் திரையைக் காட்டினாள், அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“என்னக்கா நீங்க. இது சும்மா விளம்பரம். க்ளோஸ் பண்ணிட்டு மறுபடி பதிய வேண்டியதுதானே. அரை செகண்டு வேலை.”

சுற்றி இருந்த நாலைந்து பேர் சிரித்தார்கள். மூடாதேன்னு எழுதியிருந்தா மூடாம உட்கார்ந்திருப்பியா, நாளைக்குக் கிணத்துல குதின்னு எழுதியிருந்தா என்ன பண்ணுவ என்று ஒருத்தர் கேட்டார். போனை முந்தானையில் சுற்றிக்கொண்டு திரும்பினாள்.

சிரிப்பில் சேராத ஒருவர் அங்கே இருந்தார். கொதிகலனைப் பார்த்துக்கொள்கிற பாய்லர் அண்ணன். அவரும் ஒரு தடவை இதே மாதிரி சிவப்புத் திரையில் மாட்டி, ஒரு மாதம் போன் தானாகக் கத்திக்கொண்டிருக்க, அதைச் சரி செய்யக் கற்றுக்கொண்டவர். அவர் அவளைக் கூப்பிட்டு, போனைக் கொடும்மா என்று வாங்கினார். முதல் வேலையாக அந்தச் சிவப்புப் பக்கத்தை மூடினார். அவள் பதறி அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

“ஒண்ணும் ஆகாது. பாரு, உன் பேரப்பிள்ளை படம் இருக்குதா?”

இருந்தது.

ஒரு இணையப் பக்கத்துக்கு உன் போனுக்குள் வைரஸ் இருக்கிறதா இல்லையா என்று பார்க்கவே முடியாது என்று அவர் சொன்னார். தெருவில் போகிறவன் உன் வீட்டு வாசலில் நின்று உன் சமையல்கட்டில் பாம்பு இருக்கிறது என்று கத்துகிற மாதிரிதான் அது என்றார். பயந்து நீ கதவைத் திறக்க வேண்டும், அதுதான் அவனுக்கு வேண்டியது. அப்புறம் போனின் செட்டிங்ஸுக்குப் போய், உள்ளே இருக்கிற ஆப்களின் பட்டியலைத் திறந்து, அந்தப் போன் துடைப்பானைக் கண்டுபிடித்து நீக்கினார். பிரவுசரின் ஓரத்தில் இருக்கிற மூன்று புள்ளியைத் தொட்டு, அதன் செட்டிங்ஸில் நோட்டிபிகேஷன் என்கிற இடத்துக்குப் போனார். அங்கேதான் அவள் காலையில் கொடுத்த அனுமதி உட்கார்ந்திருந்தது. வாயில் நுழையாத பெயரில் ஒரு முகவரி. அதற்குத் தடை போட்டார். பிரவுசர் சேர்த்து வைத்திருந்த குப்பையையும் அழித்தார். எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம் ஆகவில்லை.

பிறகுதான் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. தன் போனை எடுத்தார். அதில் எந்தக் குப்பையும் இல்லை என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும். சங்கத்தின் பக்கத்தைத் திறந்து ஒரு கட்டத்தைத் தொட்டார். தாவியது. ரோபோ இல்லை என்று உறுதி செய்யச் சொன்னது. மூடிவிட்டு மறுபடி திறந்தார். மறுபடி தாவியது.

“உன் போன்ல ஒண்ணும் இல்லம்மா. சங்கத்துப் பக்கத்துலயே இது இருக்கு,” என்றார்.

இந்தச் செய்தி இஸ்திரி மெஷின் வழியாக மடிப்பறைக்கும், அங்கிருந்து அழுக்கறைக்கும் போய்ச் சேர ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அடுத்த நாள் மதியம் பாய்லர் அறை வாசலில் பெண்கள் போனும் கையுமாக நின்றார்கள். இருபத்து மூன்று போன். இருபத்து மூன்றிலும் அதே வாயில் நுழையாத முகவரி அனுமதி வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அப்போதுதான் ஒவ்வொருத்தியும் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்த கதை வெளியே வந்தது. ஒருத்தியின் போனில் அரைகுறை உடுப்புப் படங்கள் தானாக வந்து விழுந்திருக்கின்றன. அவள் புருஷன் பார்த்துவிட்டு, நீ என்னத்தைத் தேடினாய் என்று கேட்டிருக்கிறான். அவள் போன் ரிப்பேர் என்று எல்லோரிடமும் பொய் சொல்லிவிட்டு இரண்டு வாரமாக அதைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தாள். இன்னொருத்திக்குப் பரிசு விழுந்ததாகச் சொல்லி நம்பர் கேட்டிருக்கிறார்கள், கொடுத்துவிட்டாள், அன்றிலிருந்து யார் யாரோ கூப்பிடுகிறார்கள். மூத்தவள் ஒருத்தி, தன் கைரேகை அழிந்துபோனதால்தான் போன் தன் பேச்சைக் கேட்கவில்லை என்று நம்பிக்கொண்டிருந்தாள். நாற்பது வருஷம் சோப்புத் தண்ணீரில் கை வைத்தவள், நம்பாமல் என்ன செய்வாள்.

ஒவ்வொருத்தியும் தப்புத் தன்னுடையது என்று நினைத்திருந்தாள். எதையோ அழுத்தக் கூடாததை அழுத்திவிட்டோம், கேட்டால் சிரிப்பார்கள் என்று நினைத்திருந்தாள். கேட்டவளைப் பார்த்துச் சிரித்தார்கள்தானே.

இந்தச் சிவப்புத் திரையை எழுதியவன் எங்கேயோ ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். வேகமாகப் படிக்கிறவனைப் பற்றி அவனுக்குக் கவலையில்லை, அவன் அரை செகண்டில் மூடிவிட்டுப் போய்விடுவான் என்று தெரியும். மூடாதே என்றால் மூடாமல் இருக்கிற ஆளுக்காகத்தான் அவன் அந்த வார்த்தையைத் தேடிப் பிடித்துப் போட்டிருக்கிறான். பயப்படுகிறவள், நம்புகிறவள், நேற்றுத்தான் எழுத்துக் கற்றவள், கண் மங்கினவர், அவர்களைச் சல்லடை போட்டுச் சலித்து எடுக்கிற வேலை அது. அதற்குப் பெயர் விளம்பரம். கத்தியைக் காட்டிப் பிடுங்கினால் பிடித்து உள்ளே போடுகிறார்கள். எழுத்தைக் காட்டிப் பிடுங்கினால் வியாபாரம் என்கிறார்கள்.

ஆனால் அவனுக்கு இந்தச் சலவைக்கூடத்தின் கதவைத் திறந்துவிட்டது யார்? அன்று சாயங்காலம் வேலை முடிந்ததும் சங்கத்தின் கூட்டம் மடிப்பறையில் கூடியது. பாய்லர் அண்ணன் எழுந்து, நம் பக்கத்தில் இது எப்படி வந்தது என்று செயலாளரைக் கேட்டார். செயலாளர் முதலில் தெரியாது என்றார். பிறகு யாராவது புகுந்து வைத்திருக்கலாம் என்றார். பாய்லர் அண்ணன் நின்றுகொண்டே இருந்தார். அவர் உட்காரப் போவதில்லை என்று தெரிந்த பிறகு செயலாளர் உண்மையைச் சொன்னார்.

பக்கத்தை நடத்த வாடகை கட்ட வேண்டியிருந்தது. ஒரு விளம்பரக் கம்பெனி கடிதம் போட்டிருந்தது. நாங்கள் அனுப்புகிற நாலு வரி நிரலை உங்கள் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள், வாடகை தானாக வந்துவிடும் என்று. ஒட்டினார். காசை அவர் தன் பையில் போட்டுக்கொள்ளவில்லை, வாடகைக்குத்தான் போயிற்று. அதை யாரும் சந்தேகப்படவுமில்லை. தன் போனிலும் அது வந்தது என்றும், தான் மூடிவிட்டுப் போய்விட்டதாகவும், எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள் என்று நினைத்ததாகவும் சொன்னார்.

“மூடிட்டுப் போயிடுவாங்கன்னு நெனச்சேன். அவ்வளவுதான்,” என்றார்.

எழுத்துக்கூட்டி பின்வரிசையில் மருமகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கூட்டத்தில் அவள் ஒருநாளும் பேசினது கிடையாது. உட்கார்ந்தபடியே பேசினாள்.

“தம்பி, நீங்க வச்ச வகுப்புல எனக்குப் படிக்கத்தான் சொல்லிக்குடுத்தீங்க. மூடச் சொல்லிக்குடுக்கலையே.”

மடிப்பறையில் யாரும் சிரிக்கவில்லை. கிணற்றில் குதிக்கச் சொன்னவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பட்டியலில் இடம் கிடைத்த இளவட்டங்களில் ஒருவன், நாங்கள் ஒழுங்காகத்தானே பதிந்தோம் என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் பாய்லர் அண்ணன் விசாரித்து வைத்திருந்தார். அன்றைக்குப் பதிய உட்கார்ந்தவர்கள் முப்பத்தொரு பேர். பதிவு போய்ச் சேர்ந்தது ஒன்பது பேருடையது. மற்ற இருபத்திரண்டு பேரும் பாதி வழியில் தாவிப் போய்விட்டார்கள். சூப்பர்வைசர் காலத்தில் வளைந்து நின்றவனுக்கு இடம் கிடைத்தது, இப்போது வேகமாக மூடுகிறவனுக்குக் கிடைக்கிறது, இதற்குத்தானா இரண்டு வருஷம் சண்டை போட்டோம் என்று அழுக்கறையிலிருந்து ஒரு பெண் கேட்டாள்.

பட்டியலை ரத்து செய்ய வேண்டுமானால் சலவைக்கூடத்தின் மேலாளர் ஒப்புக்கொள்ள வேண்டும். மறுநாள் காலை செயலாளர், பாய்லர் அண்ணன், எழுத்துக்கூட்டி மூன்று பேரும் அவர் அறைக்குப் போனார்கள். புகார்க்காரர் என்ற முறையில் அவளும் கையெழுத்துப் போட வேண்டும். மேலாளர் நேரம் இல்லாதவர். வாயால் சொன்னால் ஆகாது, பதிவில் என்ன தவறு நடந்தது என்று எழுத்தில் கொடுங்கள், புதுப் பட்டியல் போடுகிறேன் என்றார். செயலாளர் கடிதத்தைத் தயாராக எழுதி வந்திருந்தார். மேலாளர் ஒரு பார்வை பார்த்துத் தலையாட்டினார். பாய்லர் அண்ணனும் படித்துவிட்டுச் சரி என்றார். பேனாவை எழுத்துக்கூட்டியிடம் நீட்டினார்கள்.

அவள் பேனாவை வாங்கி மேஜை மேல் வைத்துவிட்டுக் கடிதத்தை எடுத்தாள். உதடு அசைந்தது. சத்தம் லேசாக வந்தது. மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். செயலாளர், சரியாத்தான் இருக்குக்கா, போடுங்க என்றார். அவள் படித்துக்கொண்டே போனாள். மூன்றாவது வரியில் நின்றாள். சில தொழில்நுட்பக் காரணங்களால் பதிவில் தடங்கல் ஏற்பட்டது என்று அதில் இருந்தது.

“தொழில்நுட்பக் காரணம்னா யாரு தம்பி?”

“யாரும் இல்லக்கா. அது அப்படித்தான் எழுதுவாங்க.”

“யாரும் இல்லாம அது எப்படி வந்து ஒட்டிக்கும்?”

செயலாளர் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் கடிதத்தைத் திரும்ப வாங்கி, இந்தத் தடவை அந்த வரியை நிதானமாகப் படித்தார். அந்த வார்த்தையை அவர் வாழ்நாளில் நூறு கடிதத்தில் பார்த்திருப்பார். பார்த்துப் பார்த்தே கடந்து போயிருப்பார். படித்த மூன்று பேரில் இரண்டு பேர் தாண்டிப் போன இடத்தில், தாண்டத் தெரியாத ஒருத்தி நின்றிருந்தாள்.

அந்த வரியை மாற்றினால் என்ன ஆகும் என்று செயலாளருக்குத் தெரியும். கடிதம் கோப்பில் ஏறும். சூப்பர்வைசர் அதைப் பத்துப் பேருக்குக் காட்டுவார். பார்த்தீர்களா உங்கள் சங்கத்தின் லட்சணத்தை என்பார். அடுத்த தேர்தலில் செயலாளர் பதவி போகும். அவர் பேனாவை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். ஜன்னலுக்கு வெளியே அழுக்கறை வாசலில் இரண்டாவது வண்டி வந்து மூட்டைகளைத் தள்ளிக்கொண்டிருந்தது. மூக்கில் துணி கட்டின ஒரு பெண், ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு குனிந்து ஒரு மூட்டையை இழுத்தாள். யார் என்று தெரியாத தூரம். குனிகிற விதத்தில் தெரிந்தது.

அவர் அந்த வரியை அடித்தார். மேலே எழுதினார். விளம்பரக் கம்பெனி கொடுத்த வரிகளைச் செயலாளராகிய நான் யாரையும் கேட்காமல் சங்கத்தின் பக்கத்தில் ஒட்டியதால் இருபத்திரண்டு பேரின் பதிவு தடைப்பட்டது. எழுதிவிட்டு எழுத்துக்கூட்டியிடம் கொடுத்தார். அவள் அதையும் முதலிலிருந்து கூட்டிப் படித்தாள். மேலாளர் இந்தத் தடவை கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பிறகு கையெழுத்துப் போட்டாள்.

புதுப் பட்டியல் தாளில் போட்டார்கள். டாக்டர் சீட்டு வைத்திருப்பவர்களுக்கு முதல் இடம், மிச்சம் சீட்டுக் குலுக்கி என்று கூட்டத்தில் முடிவானது. மருமகளுக்கு மடிப்பறை ஸ்டூல் கிடைத்தது. முதலில் கிடைத்த நாலு பேரில் ஒருவனுக்குக் குலுக்கலிலும் விழுந்தது. மற்ற மூன்று பேர் ஒரு வாரம் முறைத்துக்கொண்டு திரிந்தார்கள்.

பதவி விலகுவதாகச் செயலாளர் சொன்னபோது கூட்டம் ஒப்புக்கொள்ளவில்லை. முதலில் அந்த நாலு வரியைப் பிடுங்கி எறி, அப்புறம் விலகுவதைப் பற்றிப் பேசலாம் என்றார்கள். அவர் எல்லோர் முன்னாலும் பிடுங்கினார். பாய்லர் அண்ணன் தன் போனில் பத்துத் தடவை தொட்டுப் பார்த்தார். தாவவில்லை. வாடகைக்கு ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக்கொள்வதாக முடிவாயிற்று. பிறகு செயலாளர் எழுந்து நின்றார். பேச்சில் கெட்டிக்காரர், ஆனால் அன்றைக்கு வார்த்தை தடுமாறியது.

“அக்காவைப் பார்த்து நான் சிரிச்சேன். அவங்க ஏமாந்ததுக்குச் சிரிச்சேன். ஏமாத்தினவனுக்கு இடம் குடுத்தது நான். நமக்கு ஈசியா இருக்குங்கிறதுக்காக அடுத்தவங்க தலையில குப்பையைக் கொட்டிட்டு, துடைச்சுக்கத் தெரியலையான்னு கேட்கிறது இருக்கே, அதைவிடக் கேவலம் ஒண்ணும் இல்ல. இனிமே யார் போன்ல எது வந்தாலும் வெட்கப்படாம வந்து காட்டுங்க. மிரட்டுற பக்கம் வந்தா மூடுங்க. எவன் அவசரப்படுத்துறானோ அவன்கிட்ட எதுக்கும் அனுமதி குடுக்காதீங்க. ஏமாந்தவங்க யாரும் தலை குனிய வேண்டாம். குனிய வேண்டியது நாங்க.”

எழுத்துக்கூட்டி கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் சொன்னதில் ஒரு இடம் அவளுக்குப் போதவில்லை.

“மூடுறது இருக்கட்டும் தம்பி. மூட நான் கத்துக்கிறேன், எனக்கு ஒரு நாள் போதும். ஆனா எழுத்துன்னா நம்பலாம்னு நெனச்சுத்தான் நாற்பத்தாறு வயசுல நான் வகுப்புல வந்து உட்கார்ந்தேன். இப்ப எதைப் பார்த்தாலும் இது பொய்யா இருக்குமோன்னு தோணுது. போனை அண்ணன் அஞ்சு நிமிஷத்துல சுத்தம் பண்ணிட்டார். இதை யாரு சுத்தம் பண்ணுவா? படிக்கத் தெரியாதவளை ஏமாத்தினா அவ கையில இருக்கிறதுதான் போகும். இப்பத்தான் படிச்சவளை ஏமாத்தினா அவ படிச்ச படிப்பே போயிடும். அது ரொம்பப் பெரிய பாவம் தம்பி. எழுதுற கை யாரோடதா இருந்தாலும் சரி, அதுக்கு இடம் குடுக்கிற கை யாரோடதா இருந்தாலும் சரி.”